பொருட்காட்சியில் துப்பாக்கி எதற்கு?

(தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டமென்றால் சம்பளம், வீடு, மருத்துவம் ஆகியவற்றைப் பேசினால் போதாதா, அமெரிக்காக்காரன் கதை நமக்கெதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். மக்கள் கூடும் பொருட்காட்சிக்குள் துப்பாக்கியோடு வர அனுமதிக்கலாமா என்பது இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இந்த வழக்கு எழுந்தது அமெரிக்காவில்தான். ஆனால் அதற்குள்ளே அடங்கியிருக்கும் கேள்வி நமக்கும் உரியது. பலர் கூடுமிடத்தில் பாதுகாப்பை ஒவ்வொருவரும் தத்தம் இடுப்பில் செருகிக்கொண்டு வரவேண்டுமா? அல்லது கூட்டத்தைக் கூட்டியவர்கள் பொறுப்பேற்று எல்லாருக்கும் பொதுவாகத் தரவேண்டுமா? சங்கத்தில் சந்தா கட்டி உறுப்பினராயிருக்கும் நமக்கு இது அந்நியமான கேள்வியல்ல.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் தென்பகுதியில் டெக்ஸாஸ் என்றொரு பெரிய மாநிலம். அதில் டல்லாஸ் என்பது பெருநகரம். அங்கே 1886-ஆம் ஆண்டு தொடங்கிய மாநிலப் பொருட்காட்சி ஒன்று இன்றளவும் நடந்துவருகிறது. செப்டம்பர் மாதக் கடைசியில் தொடங்கி 24 நாட்கள் நடக்கும். 277 ஏக்கர் திடல். நம் கணக்கில் சொன்னால் ஒரு சிறு தோட்டத்தின் ஒரு டிவிஷன். மாடு, பன்றி, ஆடு வளர்ப்போருக்குப் போட்டி, ராட்டினம், எண்ணெயில் பொரித்த பலகாரக் கடைகள், கால்பந்தாட்டம் எல்லாம் உண்டு. நடுவிலே 55 அடி உயரத்தில் மாட்டிடையன் வேடத்தில் ஒரு பெரிய பொம்மை நின்று வருவோரை வரவேற்றுப் பேசும். ஒவ்வோர் ஆண்டும் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வருகிறார்கள். குழந்தை குட்டிகளோடு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

துப்பாக்கி உரிமம் பெற்றவர் அதை ஆடைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு இந்தத் திடலுக்குள் வரலாம் என்பது முன்பிருந்த விதி. 2023 அக்டோபர் 14-ஆம் தேதி சனிக்கிழமை இரவு, உணவுக் கடைகள் இருக்கும் பகுதியில் துப்பாக்கி வெடித்தது. மூவர் காயமடைந்தனர். கூட்டம் கலைந்து ஓடியது. அன்றிரவு திடலைவிட்டு மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

அதன்பின் 2024 ஆகஸ்டில் பொருட்காட்சி நிர்வாகம் புதிய விதியை அறிவித்தது. உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொதுமக்கள் எவரும் துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது, காவல்துறையினருக்கு மட்டும் விலக்கு உண்டு என்பதே அந்த விதி. உடனே எதிர்ப்புக் கிளம்பியது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த 70-க்கும் மேற்பட்ட சட்டமன்ற உறுப்பினர்கள் விதியை நீக்கும்படி கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினார்கள். மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி கென் பாக்ஸ்டன் வழக்குத் தொடுத்தார். செப்டம்பர் 19-ஆம் தேதி டல்லாஸ் நீதிபதி விதிக்குத் தடை விதிக்க மறுத்தார். செப்டம்பர் 26-ஆம் தேதி மாநில உச்ச நீதிமன்றமும் மறுத்தது. மறுநாள் பொருட்காட்சி திறக்கப்பட்டது. துப்பாக்கிகள் வெளியே நின்றன.

நான் அந்த விதியை ஆதரிக்கிறேன். ஆனால் எதிர்த்தரப்பாரின் வாதத்தைச் சரியாகக் கேட்காமல் ஆதரிப்பது நேர்மையாகாது. நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தைக்குப் போகும்போது, துரை என்ன சொல்லப்போகிறார் என்பதை முன்கூட்டியே அவர் பக்கம் நின்று எண்ணிப் பார்க்கிறோமல்லவா? அதுபோலவே இதையும் பார்ப்போம்.

அதே டெக்ஸாஸில் கில்லீன் என்னும் ஊர். 1991 அக்டோபர் 16-ஆம் தேதி பகலுணவு நேரத்தில் ஓர் உணவுவிடுதிக்குள் ஒருவன் தன் வண்டியைச் செலுத்தி மோதி நுழைந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே சுசானா ஹப் என்ற பெண்மணி தம் பெற்றோருடன் உணவருந்திக்கொண்டிருந்தார். அவரிடம் கைத்துப்பாக்கி இருந்தது. ஆனால் வெளியே எடுத்துச் செல்லக்கூடாது என்ற அந்நாளைய சட்டத்துக்கு அஞ்சி, அதைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். தாயும் தந்தையும் அன்று மாண்டார்கள். அந்த அம்மையார் ஊர் ஊராகச் சென்று சாட்சியம் சொன்னார். பின்னர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருமானார். 1995-இல் டெக்ஸாஸில் மறைத்துக் கொண்டுசெல்ல உரிமம் தரும் சட்டம் வந்தது. 2016 முதல் உரிமம் பெற்றவர் கைத்துப்பாக்கியை வெளிப்படையாகவே இடுப்பில் தொங்கவிடலாம் என்றாயிற்று. 2021 செப்டம்பர் முதல் 21 வயது நிரம்பியவர்களில் பெரும்பாலோருக்கு உரிமமே தேவையில்லை என்றாயிற்று.

அந்த அம்மையாரின் வாதத்தை அலட்சியமாக ஒதுக்க யாருக்கும் உரிமையில்லை. “விதி என்னை நிராயுதபாணியாக்கியது, விதியை மதிக்காதவன் ஆயுதத்தோடு வந்தான்” என்பது அதன் சாரம். இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2022 ஜூலை 17-ஆம் தேதி இண்டியானா மாநிலத்தில் கிரீன்வுட் என்ற ஊரின் பேரங்காடியில் ஒருவன் மூவரைச் சுட்டுக் கொன்றான். அங்கே கடைக்கு வந்திருந்த 22 வயது இளைஞர் ஒருவர் தம் கைத்துப்பாக்கியால் 15 வினாடிகளுக்குள் அவனை வீழ்த்தினார். அந்தப் பேரங்காடியிலும் ஆயுதம் கூடாதென்றுதான் விதி இருந்தது. அந்த இளைஞர் அன்று விதியை மீறியிராவிட்டால் இன்னும் பலர் மாண்டிருப்பர். இதையும் நாம் மறைக்கக்கூடாது.

அப்படியானால் நான் ஏன் விதியை ஆதரிக்கிறேன்? காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதற்காரணம் கூட்டத்தின் இயல்பு. ஆயிரக்கணக்கானோர் நெருங்கி நிற்கும் திடலில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் எங்கிருந்து வந்தது, யார் சுட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்நேரத்தில் பத்துப்பேர் துப்பாக்கியை உருவினால், ஒன்பது நல்லவர்களையும் ஒரு கொலைகாரனையும் பிரித்தறிவது எப்படி? நல்லவன் நெற்றியில் நல்லவன் என்று எழுதியிருக்கவில்லையே!

இது வெறும் கற்பனையன்று. அதே டல்லாஸ் நகரத்தில் 2016 ஜூலை 7-ஆம் தேதி கறுப்பின மக்கள் நீதி கேட்டு ஊர்வலம் போனார்கள். ஊர்வலத்தில் சுமார் 20 முதல் 30 பேர் சட்டப்படி நீளத் துப்பாக்கிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். திடீரென்று ஒருவன் சுடத் தொடங்கினான். ஐந்து போலீஸ்காரர்கள் உயிரிழந்தார்கள். துப்பாக்கி ஏந்திய குற்றமற்றவர்கள் நாலாபக்கமும் ஓட, எவன் கொலைகாரன் என்று போலீசார் குழம்பினர். ஊர்வலத்தில் வந்த ஒருவருடைய படத்தைச் சந்தேகத்துக்குரியவர் என்று போலீசே வெளியிட்டது. அவரோ தம் துப்பாக்கியைப் போலீசாரிடம் தாமாகவே ஒப்படைத்த நிரபராதி. அன்றைய போலீஸ் தலைவர் டேவிட் பிரவுன், கூட்டத்தில் எல்லாரும் துப்பாக்கியோடு இருந்தால் நல்லவர் யார், தீயவர் யார் என்று கண்டுபிடிப்பது கடினம் என்பதைப் பின்னர் வெளிப்படையாகவே சொன்னார்.

இன்னொன்று இதைவிடக் கொடுமையானது. 2021 ஜூன் 21-ஆம் தேதி கொலராடோ மாநிலத்தின் அர்வாடா நகரில் ஒருவன் போலீஸ் அதிகாரி ஒருவரைச் சுட்டுக் கொன்றான். அருகிலிருந்த குடிமகன் ஒருவர் தம் கைத்துப்பாக்கியோடு பாய்ந்து சென்று அக்கொலைகாரனை வீழ்த்தினார். பிறகு அவனுடைய நீளத் துப்பாக்கியைக் கையிலெடுத்தார். அப்பொழுது அங்கு வந்த இன்னொரு போலீஸ்காரர், இவரையே கொலைகாரன் என்றெண்ணிச் சுட்டுவிட்டார். ஊரைக் காப்பாற்றியவர் ஊரின் காவலராலேயே மாண்டார். கிரீன்வுட் இளைஞரின் கதையைச் சொல்பவர்கள் அர்வாடா மனிதரின் கதையையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தும் பயனில்லாத நேரமும் உண்டு. 2017 அக்டோபர் 1-ஆம் தேதி லாஸ் வேகாஸ் நகரில் இசைவிழா. ஏறக்குறைய 22,000 பேர் கூடியிருந்தனர். ஹோட்டலின் 32-ஆவது மாடியிலிருந்து ஒருவன் சுட்டான். அன்று 58 பேரும், அக்காயங்களால் பின்னர் இருவருமாக 60 பேர் இறந்தார்கள். மேடையேறிய டெக்ஸாஸ் இசைக்குழு ஒன்றின் கிட்டார் கலைஞர் அதுவரை துப்பாக்கி உரிமைக்காக வாதாடியவர். தங்கள் பேருந்தில் சட்டப்படி துப்பாக்கிகள் இருந்தும் அவற்றைத் தொடவே முடியவில்லை என்றும், தொட்டிருந்தால் போலீசார் தங்களையும் கொலைகாரர்களாக எண்ணியிருப்பார்கள் என்றும் மறுநாள் எழுதித் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

இரண்டாவது காரணம். துப்பாக்கி டெக்ஸாஸ் மாட்டுப் பண்ணைக்காரனுக்குக் கருவி. பாம்புள்ள காட்டில் அது அவனுக்கு வேண்டியதாயிருக்கலாம். அதற்காக அவனை நாம் இகழ வேண்டியதில்லை. நமக்கும் விடியற்காலை நிரையில் உளி வேண்டும். உளியில்லாமல் மரம் ஏது, பால் ஏது? ஆனால் கோயில் தேர்த்திருவிழாவுக்கு யாராவது உளியைக் கொண்டுபோகிறோமா? கருவிக்கு ஓர் இடமுண்டு. அதே டெக்ஸாஸ் சட்டம், நீதிமன்றத்திலும் வாக்குச்சாவடியிலும் பள்ளிக்கூடத்திலும் குதிரைப் பந்தயத் திடலிலும் பொதுமக்கள் துப்பாக்கி கொண்டுவரக்கூடாது என்றே சொல்கிறது. இந்த வழக்கை விசாரிக்கும் நீதிமன்றத்துக்குள் கூடாதென்பது சரியானால், குழந்தைகள் ராட்டினம் சுற்றுமிடத்தில் கூடாதென்பது மட்டும் எப்படி அநியாயமாகும்?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 23-ஆம் தேதி அளித்த தீர்ப்பில், வீட்டுக்கு வெளியேயும் தற்காப்புக்காகத் துப்பாக்கி கொண்டுசெல்ல உரிமை உண்டென்று கூறியது. நீதிமன்றம், வாக்குச்சாவடி போன்ற இடங்களில் தடுக்கலாம் என்றும் ஏற்றது. ஆனால் கூட்டம் கூடுகிற இடம் என்ற ஒரே காரணத்துக்காக நகரம் முழுவதையும் தடைசெய்ய முடியாது என்றும் சொல்லிவைத்தது. ஆகவே அந்நாட்டில் இந்த விவாதம் இன்னும் பல திடல்களைப் பற்றி எழத்தான் செய்யும். பொருட்காட்சித் திடல் ஒரு நகரமன்று. வேலியும் வாயிலும் நுழைவுச் சீட்டும் உள்ள இடம். வேண்டாதவர் அங்கு போகாமலிருக்கலாம்.

மூன்றாவது காரணத்தைத்தான் நம் சங்கத்தார் முக்கியமாகக் கவனிக்கவேண்டும். வேடிக்கை பார்க்க வருபவன் அச்சமாயிருந்தால் வீட்டுக்குப் போய்விடலாம். எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்பவன், ராட்டினத்தை இயக்குபவன், வாயிலில் சீட்டுக் கிழிப்பவன், குப்பை கூட்டுகிற பெண் ஆகிய இவர்கள் 24 நாளும் அங்கேயே நிற்கவேண்டியவர்கள். 2023-இல் வெடி வெடித்தது உணவுக் கடைகளின் நடுவில் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். பீர் விற்கும் இடத்தில் வாடிக்கையாளரோடு பாக்கிச் சில்லறைக்குத் தகராறு வந்தால், எதிரிலிருப்பவன் இடுப்பில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் நிற்பவர் தொழிலாளர்தான். கள்ளுக்கடை வாசலில் சம்பள நாளன்று வெறுங்கையால் நடந்த சண்டைகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மறுநாள் பிரட்டில் இருவரும் முகம் பார்த்துச் சிரித்துக்கொள்வார்களாம். இடையில் துப்பாக்கி இருந்திருந்தால் மறுநாள் பிரட்டுக்கு ஒருவர்தான் வந்திருப்பார். நொடியில் வந்து நொடியில் போகும் கோபம் எல்லாருக்கும் உண்டு. அதன் கையில் ஆயுதத்தைக் கொடுக்கலாகாது.

சரி, விதி போட்டுவிட்டால் போதுமா? போதாது. அதை அழுத்திச் சொல்லவே நான் எழுந்து நிற்கிறேன்.

2019 ஜூலை 28-ஆம் தேதி, கலிபோர்னியாவில் கில்ராய் என்ற ஊரின் வெள்ளைப்பூண்டுத் திருவிழா. வாயிலில் பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். கொலைகாரன் வாயில் வழியே வரவில்லை. பின்பக்கத்து வேலியை வெட்டிக்கொண்டு வந்தான். அவன் கையிலிருந்த துப்பாக்கி பக்கத்து மாநிலமான நெவாடாவில் சட்டப்படி வாங்கப்பட்டது. இரண்டு பிள்ளைகளும் ஓர் இளைஞருமாக மூவர் மாண்டார்கள். ஆனால் திடலுக்குள்ளேயே காவலிருந்த போலீசார் சுமார் ஒரு நிமிடத்துக்குள் அவனை எதிர்கொண்டார்கள். அவர்கள் அங்கே இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும்?

இதிலிருந்து தெரிவதென்ன? விதியை மட்டும் பலகையில் எழுதித் தொங்கவிட்டு, வேலியையும் காவலையும் கவனிக்காமல் விடுவது ஏமாற்று வேலை. “உன் துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டு வா” என்று ஒருவனிடம் சொல்பவர், “உள்ளே உன் உயிருக்கு நான் பொறுப்பு” என்றும் சேர்த்தே சொல்லவேண்டும். முதல் பாதியைச் சொல்லி இரண்டாம் பாதியை விழுங்குவது நியாயமன்று. சுசானா ஹப் அம்மையாரின் துயரத்துக்கு நாம் தரக்கூடிய நேர்மையான விடை இது ஒன்றுதான். அவரைத் துப்பாக்கியில்லாமல் உள்ளே விட்டவர்கள் அவருக்குக் காவலும் தரவில்லை. ஆகையால் எல்லா வாயிலிலும் சோதனை, முழு வேலிக்கும் கண்காணிப்பு, போதிய போலீசார், வெளியேற அகலமான வழிகள், அருகிலேயே மருத்துவ உதவி ஆகியவை வேண்டும். வாயிலில் நிற்கும் காவலாளிக்குப் பயிற்சியும் தக்க கூலியும் வேண்டும். குறைந்த கூலிக்கு ஒருவனை நிறுத்திவிட்டு, இலட்சம் பேரின் உயிரை அவன் தலையில் கட்டுவது முதலாளிகளுக்குக் கைவந்த கலை. அதை நாம் நன்கறிவோம்.

அடுத்து, விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். பணக்காரன் காரிலே வந்து தனி வாயிலில் சோதனையின்றி நுழைவான், ஏழையின் பையை மட்டும் கொட்டிப் பார்ப்பார்கள் என்றால் அது பாதுகாப்பாகாது. மீறியவனுக்குத் தரும் தண்டனையும் அளவோடு இருக்கவேண்டும். “காரில் வைத்துவிட்டு வா” என்று திருப்பியனுப்புவது அளவான விதி. இதை ஏன் சொல்கிறேனென்றால், ஆயுதத்தின் பேரால் வந்த சட்டம் அளவு கடந்தால் என்னாகுமென்பதைத் தொழிற்சங்க உலகம் அறியும். 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்ற விதி வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் அரசியலை ஏற்றவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. ஆனால் ஓர் ஆயுதத்துக்காக ஓர் உயிரை எடுத்த அந்தச் சட்டத்தை நினைக்கும்போது, மக்களைக் காக்கும் விதிக்கும் மக்களை அச்சுறுத்தும் விதிக்கும் உள்ள வேறுபாட்டை நாம் என்றும் மறந்துவிடலாகாது.

கடைசியாக, திடல் யாருடையது என்ற கேள்வி. வழக்கின் முடிச்சே அதுதான். டல்லாஸ் திடல் நகராட்சிக்குச் சொந்தம். அதைக் குத்தகைக்கு எடுத்துப் பொருட்காட்சியை நடத்துவது இலாப நோக்கமற்ற ஒரு தனியார் அமைப்பு. அரசாங்க நிலத்தில் உரிமம் பெற்றவரைத் தடுக்க அரசாங்க அமைப்புக்கு அதிகாரமில்லை என்பது டெக்ஸாஸ் சட்டம். ஆகவே குத்தகைக்காரர் தடுத்தாலும் அது நகராட்சி தடுத்ததுபோலத்தான் என்று பாக்ஸ்டன் வாதாடினார். இது நகராட்சியின் முடிவன்று, எங்கள் முடிவு என்றது நிர்வாகம். தோட்டத்தில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். நிலம் யார் பேரில் இருந்தாலும், நடத்துபவர் யாரோ அவரே அங்குள்ளவர்களின் உயிருக்குப் பொறுப்பு என்றுதான் நாம் எந்நாளும் வாதாடி வந்திருக்கிறோம். நிலத்தில் வரும் வருமானத்தை எடுத்துக்கொள்பவர், அந்நிலத்தில் நிற்கும் மனிதரின் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளவேண்டும். அப்பொறுப்பை ஏற்பவருக்கு வாயிலில் விதி போடும் உரிமையும் இருக்கவேண்டும் என்பது என் கருத்து.

தோழர்களே! சங்கம் தோன்றுமுன் ஒவ்வொருவனும் தன் குறையைத் தனித்தனியே துரையின் முன் நின்று சொல்லிப் பார்த்தான். வாய்த்துடுக்குள்ளவனுக்கு ஏதோ கிடைத்தது, மற்றவனுக்கு ஒன்றுமில்லை. எல்லாருக்கும் சேர்த்து ஒரு பாதுகாப்பு வேண்டுமென்றுதான் சங்கம் கண்டோம். பொருட்காட்சியிலும் அப்படியே. துப்பாக்கி வாங்க வசதியும் சுடப் பழக்கமும் உள்ளவனுக்கு மட்டும் பாதுகாப்பு, கைக்குழந்தையோடு வந்த தாய்க்கு ஒன்றுமில்லை என்ற நிலையை நாம் ஏற்க முடியாது.

நம் நாட்டில் போலீஸ் உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அப்படி. ஆனால் நம் திருவிழாக்களில் வேறு ஆபத்துகள் உண்டு. நெரிசல் உண்டு, குடித்துவிட்டு வரும் கைகலப்பு உண்டு, பாராங் கத்தியும் சில வேளை தலைகாட்டும். ஆகவே நம் கிளைக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வாயில் தொண்டர்கள் எத்தனை பேர், வெளியேறும் வழி எது, முதலுதவி தெரிந்தவர் யார் என்பதை ஆலயக் குழுவோடு கலந்துபேசி முன்கூட்டியே எழுதிவைப்போம். தொண்டர்களில் பெண்களும் இருக்கட்டும்.

நான் சொன்னதற்கு மாறான கருத்துடையவர்கள் இங்கே இருப்பீர்கள். கில்லீன் அம்மையாரின் பக்கம் நின்று பேச விரும்புகிறவர் எழுந்து பேசவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.